சிட்டு தன்னைப் பற்றி வாசித்தது

லுவோயாங்
ஜூன் 11

கெஜியான்,

உன்மேல கோபம் தீரலை. அதை முதல்லயே சொல்லிடறேன், கடிதம் வந்துடுச்சேன்னு நீ பூரிச்சுப் போயிடக் கூடாது. போன்ல உன் நம்பரைத் தடுத்து வச்சது தடுத்தபடியேதான் இருக்கு. அதனாலதான் பார்வையில்லாதோர் பள்ளிக்கூடத்துப் பிரெய்ல் புள்ளிப் பலகையைத் தூசி தட்டி எடுத்து, ஊசியால குத்திக் குத்தி எழுதறேன். நாள் முழுக்க ஊரார் முதுகை அமுக்கற விரல், இதுக்கும் நான்தான் கிடைச்சேனான்னு கேக்குது.

விஷயத்துக்கு வர்றேன். நேத்து நம்ம போன் குழுவில நீ போட்டதை, திரையை வாசிக்க நீ எழுதின சிட்டு ஆப்பே எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு. வருஷக் கடைசியோட சிட்டை நிறுத்தப்போறியாம். வேற வாசிப்பு ஆப் எதையாவது இப்பவே தேடிக்கணுமாம். கடைசியில 'மன்னிக்கவும்'னு ஒரு சொல்லு. அது வாசிச்சு முடிச்சதும் எங்க மசாஜ் கடையில கண்ணு தெரியாத நாங்க அத்தனை பேரும் கையை நிறுத்திட்டோம். முதலாளி கோங் அண்ணன், "இவன் யாருடா, நம்ம காதை அறுக்க நாள் குறிக்கறவன்"னாரு. என் பள்ளிக்கூடத்து ஆளுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

என் வருஷம் வீணாப் போனதுக்கு உன்மேல கோபப்பட எனக்கு உரிமை இருக்கு. ஆனா சிட்டை மூட உனக்கு உரிமை கிடையாது. அது உன் ஆப்பா இருக்கலாம், எங்களுக்கு அதுதான் காது.

அன்னிக்கு நடந்ததை உனக்கு முழுசா நான் சொல்லவே இல்லை. போன்ல கத்தினேன், வச்சேன். இப்பக் கேளு. வசந்த விழாப் புத்தாண்டு லீவுக்குக் கடையில எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நான் மட்டும் மாடி அறையில இருந்தேன், மருத்துவமனை வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கணும்னு. பேர் பதிஞ்சாச்சு, கட்டணம் கட்டியாச்சு, கடைசியா 'உறுதி'ங்கிற ஒரு பொத்தானைத் தட்டறதுதான் பாக்கி. அது விழா முடியறதுக்குள்ள தட்டியிருக்கணும். அந்த நேரம் பார்த்து போன் என்னவோ எச்சரிக்கை காட்டுது. சிட்டு அதை வழக்கம்போல கடகடன்னு வாசிச்சுது: ஆபத்தான ஆப் கண்டுபிடிக்கப்பட்டது, பேர் சிட்டு, அதிகாரபூர்வக் கடையிலேர்ந்து வந்ததில்லை, உடனே நீக்கு. நான் தட்டிட்டேன். தன் சாவோலையைத் தானே அழகா வாசிச்சுட்டு அது செத்துப் போச்சு.

அப்புறம் போன் வெறும் கண்ணாடித் துண்டு. போனோட வந்த வாசிப்பு ஒண்ணு உள்ள எங்கயோ தூங்குதாம், அதை எழுப்பணும்னா கண்ணு வேணும். கீழ காவல்காரர் ஹூ மாமாகிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை மக வீட்டுல விட்டுட்டு வந்திருந்தார். "மஞ்சளா என்னமோ இருக்கும்மா, அமுக்கட்டுமா?"ன்னார். ஐயோ வேண்டாம்னு பிடுங்கிட்டு வந்தேன். அப்புறம்தான் கடை மேசைப் போன்லேர்ந்து உனக்கு அடிச்சுக் கத்தினது; அப்ப பதிவு மூட இன்னும் நாள் இருந்துச்சு. முன்மேசைப் பொண்ணு பான் லீ ஊர்லேர்ந்து வந்து சிட்டைத் திரும்ப ஏத்தித் தந்தப்போ பதிவு மூடிட்டாங்க. ஒரு வருஷம் போச்சு.

ஊர்ல இருக்கிற ஆப் எல்லாம் முன்வாசல் வழியா ஆப் கடைக்குள்ள போகுது. உன் சிட்டு மட்டும் ஏன்டா ஜன்னல் வழியாவே வருது? அதுக்குப் பதில் எழுது. மூடறேன்னு சொல்றதுக்கும் பதில் எழுது.

மெய்ரோங்

குய்யாங்
ஜூன் 29

மெய்ரோங்,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டி, வெள்ளைத்தாளை யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றார். தாளைத் தடவிப் பார்த்ததும் நீ என்று தெரிந்தது. நீ கோபத்தில் ஊசியை அழுத்துவாய், பள்ளியில் பின்பக்கம் கிழியும் அளவுக்கு. இதிலும் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில். முன்வாசலில் நான் நிற்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்: இந்த ஆப் திரையில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கிறது, உபயோகிப்பவருக்குப் பதிலாகத் தானே தட்டுகிறது, இப்படிப்பட்டதைக் கடையில் வைக்க முடியாது. பார்க்க முடியாதவருக்குப் படித்துக் காட்டும் ஆப் பார்க்காமல் எப்படிப் படிக்கும் என்று நான் எழுதிக் கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. திருட்டு ஆப்களும் இதே அனுமதியைத்தான் கேட்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் திருடனும் சிட்டும் ஒரே மாதிரிதான் நுழைகிறார்கள்.

அதனால்தான் அது கைக்குக் கை போகிறது. குழுவில் கோப்பாகப் போகிறது, மசாஜ் கடை மேசையில் யாரோ கண் தெரிந்த பெண் ஏற்றித் தருகிறாள். விழாவுக்கு முன்னால் நான் புதுப் பதிப்பு விட்டேன். புதுசு என்பதாலேயே போன்கள் அதைச் சந்தேகப்பட்டன. மஞ்சள் எச்சரிக்கை வரும், 'பிறகு' என்பதைத் தட்டுங்கள் என்று குழுவில் எழுதினேன். அடுத்த நொடியே புத்தாண்டு வாழ்த்துகளும் சிவப்பு உறைப் பணப் பரிசுகளும் கொட்டத் தொடங்கின. என் வரி எங்கேயோ அடியில் போய்விட்டது.

உன் போன் மட்டும் ஊமையாகவில்லை. ஹார்பினில் ஒருவர் பனியில் ரயில் நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார், எந்த வண்டி எந்த மேடை என்று கேட்கப் போனை எடுத்தபோது அது பேசவில்லை. அவர் திட்டவில்லை. "உன் சிட்டுக்கு உடம்பு சரியில்லையா தம்பி?" என்று விசாரித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

என்னால் எச்சரிக்கையை நிறுத்த முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் அது வரும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத ஒன்றை நம்பி இத்தனை பேர் தெருவில் இறங்குகிறார்கள் என்றால், அதை நிறுத்துவதுதான் நியாயம் என்று பட்டது. இரண்டாவது கேள்விக்கும் பதில் இதுதான்.

பரீட்சை போனதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே வழக்கம்போல மழை.

தாவ் கெஜியான்

லுவோயாங்
ஆகஸ்ட் 3

பண்டிதரே,

வாயைத் திறந்தா ஒரு வார்த்தைக்கு அரை நாள் ஆகும், எழுத்தில மட்டும் இலக்கணம் பிசகாது உனக்கு. 'நியாயம்'னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்தைத் தடவறப்போ எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வீட்டுல கூரை ஒழுகினா வீட்டையா இடிப்பாங்க?

நீ எச்சரிக்கை எச்சரிக்கைன்னு அதையே பிடிச்சுட்டுத் தொங்கறே. நான் வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். போன வாரம் கடை சாத்தினதும் எல்லாரும் மாட்டுக்கறி சூப்பை வச்சுட்டு உக்காந்திருந்தோம். நான் கோங் அண்ணனைக் கேட்டேன், "அண்ணே, போன் உங்ககிட்ட கடைசியா என்ன எச்சரிச்சுது?" அவர் யோசிச்சாரு. தெரியலை. பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியலை. ஒருத்தருக்கும் தெரியலை. ஆனா எல்லாருமே தட்டியிருக்காங்க.

புரியுதா? நாம என்னிக்கு அதை நிதானமா வாசிக்க விட்டோம்? சிட்டோட வேகத்தை எல்லாரும் உச்சத்துல வச்சிருக்கோம். பான் லீ காதுக்கு அது கொசு பாடற மாதிரி இருக்காம். அதுல நமக்கு ஒரு கெத்து வேற, யார் வேகம் அதிகம்னு போட்டி. பாதி வாக்கியம் வர்றப்பவே விரல் தட்டிடும். 'ஆபத்தான'ங்கிறதும் 'நன்றி'ங்கிறதும் நம்ம விரலுக்கு ஒண்ணுதான். சிட்டு ஒழுங்காத்தான் சொல்லுச்சு. நான்தான் சொல்லி முடிக்க விடலை.

அதனால நீ செய்ய வேண்டியது இது. எச்சரிக்கையில சிட்டோட பேர் வந்தா, சிட்டு அதை வாசிக்கக் கூடாது. சட்டுன்னு நின்னுடணும். வேற ஒரு குரல் பேசணும், மனுஷக் குரல், நாம வேகத்தை எங்க வச்சிருந்தாலும் தன் வேகத்துல பேசற குரல். நில்லுங்க, இது என்னைப் பத்தின பேச்சுன்னு சொல்லணும். செய்ய முடியுமா முடியாதா?

முடியும்னா அது உன் குரலாத்தான் இருக்கணும். எந்தக் குரல் கேட்டா என் விரல் நிக்கும்னு நல்லா யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். எனக்குப் பொறுமை கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல நான் காத்துட்டு உக்காந்த ஒரே விஷயம் நீ பேசி முடிக்கறதுக்குத்தான். வாத்தியாரே நடுவுல புகுந்து உன் வாக்கியத்தை முடிச்சு வைப்பார், நான் மேசைக்கடியில காலால உதைச்சு, அவன் சொல்லட்டும் சார்னுவேன்.

மூடற தேதியைக் குழுவிலேர்ந்து எடு. அடுத்த விழாவுக்கு நான் திரும்பவும் பேர் பதியணும். யாரை நம்பிப் பதியறது?

மெய்ரோங்

குய்யாங்
செப்டம்பர் 5

மெய்ரோங்,

நீ சொன்னது சரி. வேகத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என் போனும் உச்ச வேகத்தில்தான் இருக்கிறது. என்னையே சோதித்துப் பார்த்தேன், பொய் எச்சரிக்கை ஒன்றை வரவைத்து. நான் எழுதிய ஆப்பை நானே நீக்கிவிட்டேன். கோபப்படத் தோன்றவில்லை, சிரித்தேன், வெகுநாள் கழித்து.

சிட்டை நிறுத்தி வேறு குரலைப் பேசவைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் என் குரல் வேண்டாம். நீ பழகியவள், உனக்குத் தெரியாது. கேட்கிறவர்கள் ஆப் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைப்பார்கள். இங்கே வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நன்றி சொல்லி அனுப்பினார்கள். இப்போது இருக்கும் வேலை எழுத்திலேயே கேட்டு எழுத்திலேயே கிடைத்தது. ஊரே கேட்க நான் திக்க வேண்டுமா? செய்தி வாசிப்பவர் போல அழகாகப் பேசும் குரல் கிடைக்கும். அதைப் போடுகிறேன்.

இன்னொன்று. நீ எழுதியிருக்கிறாய், நான் பேசி முடிக்க நீ காத்திருப்பாய் என்று. ஆமாம், அத்தனை வருடமும் காத்திருந்தாய். பிப்ரவரியில் அந்த ஒரு முறைதான் பாதியில் போனை வைத்தாய். மற்றவர்கள் தினமும் செய்வதுதான், எனக்குப் பழக்கம். நீ செய்தபோது மட்டும் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அன்று நான் சொல்ல வந்தது 'நான்தான் குழுவில் எழுதியிருந்தேனே' என்பது இல்லை. அப்படித்தான் நீ நினைத்திருப்பாய்.

நான் சொல்ல வந்தது

பரவாயில்லை. இப்போது அதற்கு அர்த்தம் இல்லை.

கெஜியான்

லுவோயாங்
செப்டம்பர் 24

கெஜியான்,

புள்ளியை நகத்தால அமுக்கி அழிச்சா கண்ணுக்குத் தெரியாம போகலாம். என் விரல்கிட்ட அந்த வித்தை செல்லாது. தசைக்கு அடியில இருக்கிற முடிச்சைத் தேடி எடுக்கிற விரல் இது. 'நான் சொல்ல வந்தது'க்கு அப்புறம் நீ அழிச்சதை வாசிச்சுட்டேன். 'நான் கிளம்பி வருகிறேன். ரயில் பார்த்துவிட்டேன். உறுதிப் பொத்தானை என் போனில் இருந்தே'. அதுக்குமேல தாள் மழுங்கிப் போச்சு.

அன்னிக்கு நீ 'நா, நா, நா'ன்னு ஆரம்பிச்சே. 'நான் சொன்னேனே'ன்னு வரப்போகுதுன்னு நானே முடிச்சு வச்சுட்டு, போனையும் வச்சுட்டேன். வாத்தியாரைத் திட்டினவ வாத்தியார் வேலையே பார்த்திருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குடா. இதை நான் அழிக்கலை, பார்த்துக்கோ.

இப்ப குரல் சமாசாரம். உன் செய்தி வாசிப்பாளர் யோசனையை இங்க சோதிச்சுப் பார்த்தோம். பான் லீக்கு வானொலிக் குரல். அவளை எங்க போன்ல பேசிப் பதிய வச்சு, வேலை நடுவுல சொல்லாம கொள்ளாம ஓட விட்டோம். "அன்பர்களே, சற்று நில்லுங்கள்"னு தேனா ஒழுகுறா. எல்லாரும் தட்டித் தள்ளிட்டாங்க. ஏன்னு கேட்டா, விளம்பரம்னு நெனைச்சோம்னாங்க. அழகான குரல் வந்தாலே எதையோ விக்க வருதுன்னு எங்க விரலுக்குத் தெரியும். பான் லீ ரெண்டு நாள் எங்ககூடப் பேசலை.

திக்கற குரலை யாரும் விளம்பரத்துக்கு வைக்க மாட்டாங்க. ஒருத்தன் நிஜமாவே என்னமோ சொல்லப் பார்க்கறான்னு தெரிஞ்சா மனுஷன் நிப்பான். நான் நிப்பேன்.

உன்னைக் கெஞ்சறேன்னு நெனைச்சுக்காதே. கேக்கறேன்.

மெய்ரோங்

குய்யாங்
டிசம்பர் 12

மெய்ரோங்,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். பதிவு செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வேடிக்கை கேள். தனியாக இருக்கும்போது நான் திக்குவதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்து பேசினேன், தண்ணீர் மாதிரி வந்தது. திரும்பத் திரும்பப் பேசினேன், இன்னும் அழகாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் திக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் நாக்கு அப்போது பார்த்து சமர்த்தாக இருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள், யார் வந்திருக்கிறார்கள், நன்றாகப் பேசுகிறாரே என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ஒன்று செய்தேன். போனின் அந்தப் பக்கம் நீ இருக்கிறாய், எந்த நொடியிலும் வைத்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டேன். உடனே திக்கியது. அதைத்தான் வைத்திருக்கிறேன். கூரையில் மழைச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது, எடுக்கவில்லை.

குழுவில் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பை இன்று அனுப்பினேன். விழா முடியும்வரை பார்ப்போம். ஒரே ஒருவர் போன் ஊமையானாலும் சிட்டை மூடிவிடுவேன், அப்போது நீ ஊசி குத்திக் கடிதம் எழுதினாலும் கேட்க மாட்டேன். சரிதானே?

நீ பேர் பதிந்துவிட்டாயா?

கெஜியான்

லுவோயாங்
பிப்ரவரி 20

கெஜியான்,

நேத்து மதியம் நடந்ததைச் சொல்றேன், உக்காந்து படி.

இந்தத் தடவையும் கடையில எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, கோங் அண்ணனைத் தவிர. அவருக்கு முட்டி வலி. முதலாளிக்கு முட்டி வலின்னா எங்க யாரையும் பிடிச்சு விட விட மாட்டாரு, கை சரியில்லைம்பாரு. அவர் கீழ டீ போட்டுட்டு இருந்தாரு. நான் பதிவுப் பக்கத்தைத் திறந்து வச்சு, உறுதிப் பொத்தானைத் தேடி விரலை நகர்த்திட்டு வர்றேன். சிட்டு கொசு மாதிரி பாடிட்டே வருது. திடீர்னு நின்னு போச்சு.

எனக்குப் போன வருஷமே திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு. போன் ஊமைன்னு நெனைச்சேன். விரல் கண்ணாடி மேல அப்படியே இருக்கு, என்னத்தையாவது தட்டித் தொலைக்கணும்னு துடிக்குது. அப்ப மழைச் சத்தம் கேட்டுச்சு. இங்க நல்ல வெயில், மழை எங்கேர்ந்துடா வருதுன்னு நான் முழிக்கறப்போ நீ பேசினே.

"நி... நி... நில்லு."

நான் விரலை எடுத்துட்டேன்.

அப்புறம் நீ பேசவே இல்லை. மூச்சு இழுக்கறது கேக்குது. எனக்குத் தெரியும் அந்த மூச்சு, 'இ'னாவில ஆரம்பிக்கிற வார்த்தை வரப்போகுதுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல 'இ'னா உனக்கு ஆகவே ஆகாது. நான் கையை மடியில வச்சுட்டுக் காத்திருந்தேன். "இ... இ... இது என்னைப் பத்தின பேச்சு. நா... நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எதையும் தொடாதே. இ... இ... இடது பக்கம் 'பிறகு'. அதைத் தட்டு." ஏன்டா, இடதுங்கிறதுக்குப் பதிலா வேற எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? வேணும்னே அந்தச் சொல்லைப் போட்டிருக்கே. அழுதுட்டே சிரிச்சேன்.

'பிறகு'வைத் தட்டினேன். சிட்டு உயிரோட திரும்பி வந்து, எங்க விட்டுதோ அங்கேர்ந்தே பாட ஆரம்பிச்சுது. உறுதிப் பொத்தானைத் தட்டினேன். பதிவாகிடுச்சு. பரீட்சை ஏப்ரல்ல, பியோனிப் பூ பார்க்க ஊரே கூட்டமா இருக்கும்போது. சிட்டு பதிவு நம்பரை வாசிச்சுது. இருக்கிறதிலேயே மெதுவான வேகத்துல வச்சு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கோங் அண்ணன் கீழேர்ந்து எல்லாத்தையும் கேட்டிருக்காரு. "இவன் பேசி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடுச்சு"ன்னாரு. அப்புறம் அதையே உறிஞ்சிக்கிட்டு, "ஆறட்டும்"னாரு.

குழுவை நீ பார்த்திருப்பே. நேத்தோட விழா முடிஞ்சாச்சு, ஒருத்தர் போனும் ஊமையாகலை. ஹார்பின்காரர், "யாருப்பா அந்தத் தம்பி, அவருக்கு யாராவது ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுங்களேன்னு என் வீட்டுக்காரி சொல்றா"ன்னு போட்டிருக்காரு. ஒருத்தர்கூட ஆப் சிக்கிக்கிச்சுன்னு சொல்லலை. அந்த மூடற தேதியை இப்பவாவது அழிச்சுடு. நகத்தால இல்லை, சுத்தமா.

உன் நம்பரைத் திறந்துட்டேன். போன வருஷம் பாதியில நின்னதை எழுத வேண்டாம், புள்ளியில எனக்கு அது போதாது. சொல்லு. ஞாயித்துக்கிழமை கடை லீவு, எனக்கு வேற வேலை கிடையாது, நீ எந்த எழுத்துல வேணும்னாலும் நில்லு.

விரலை எடுத்துட்டுத்தான் உக்காந்திருப்பேன்.

மெய்ரோங்